ஐந்தாவது ரிங்

அச்சகத்திலிருந்து நோட்டீஸ் கட்டு வந்து இறங்கியபோது சிந்தாமணி முதலில் தேடியது தன் பெயரைத்தான். ரோஸ் கலர் தாளின் அடியில், கொட்டை எழுத்தில், ‘கண்டுபிடிப்பு: அ. சிந்தாமணி, டி.இ.சி.இ.’ என்று இருந்தது. கடை முதலாளி பிரேம்குமார் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்ட பெயர்.

“மொதலாளி பேர எல்லாக் கடையிலயும் போடுவான் தங்கச்சி. கண்டுபிடிச்ச ஆளு பேரப் போட நம்மள வுட்டா யாரு இருக்கா?” என்று சொல்லிவிட்டு, கட்டைத் தூக்கி பைக்கில் வைத்துக்கொண்டு சிறுவாச்சூருக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் நடை திறக்கிற நாள். நாலு ஜில்லா சனமும் வரும்.

சிந்தாமணிக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. தன் பங்குக்கு எடுத்துவைத்த ஒரு நோட்டீஸில் தன் பெயரை நான்கு முறை படித்தாள். அதற்கு இரண்டு வரி மேலே ஒரு செல்போன் நம்பர் இருந்தது. அதை ஒரே ஒரு முறை படித்திருந்தால் அன்றைய பொழுது எல்லாப் பொழுதையும் போலப் போயிருக்கும். பெயர் ஆசை யாரை விட்டது!

இது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் கடைகளெல்லாம் ஒவ்வொன்றாகச் செல்போன் ரிப்பேர் கடைகளாகிக்கொண்டிருந்தன. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, வாலிகண்டபுரத்துப் பக்கம் ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டவள் சிந்தாமணி. காலையில் மகள் ஆர்த்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டிவிஎஸ்ஸில் பெரம்பலூர் வந்து, பிரேம்குமார் கடையில் உட்கார்ந்து ஊரார் போன்களைப் பிரித்துப் போட்டுச் சரிபண்ணுவாள்.

புருஷன் அரியமுத்து வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவன். அவன் பாடுதான் அவளை யோசிக்க வைத்தது. மோட்டார் ஓடுவதற்கான மூணு பேஸ் கரண்ட் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் ராத்திரியில் வரும். வந்ததும் ஓடிப்போய்ப் பச்சை பட்டனை அமுக்க ஆள் வேண்டும். வீட்டிலிருந்து வெங்காயக் காடு இரண்டு கிலோமீட்டர். வழியில் பாம்பும் உண்டு, பன்றியும் உண்டு. போன் அடிக்கும்போது அதற்குள் ஒரு குட்டி மோட்டார் கிடுகிடு என்று ஆடுகிறதே, அதற்குப் போகிற கரண்ட்டை எடுத்துப் பெரிய மோட்டாருக்குத் தாக்கல் சொல்லச் செய்தால் என்ன என்று ஒருநாள் சோறு வடிக்கும்போது அவளுக்குத் தோன்றியது. பழைய போன் ஒன்று, பத்துப் பன்னிரண்டு சில்லறைச் சாமான், ஒரு டிபன் டப்பா. இரண்டு மாதத்தில் பெட்டி தயார்.

ராங் கால் வந்து தொலைத்தால் என்ன பண்ணுவது? அதற்கும் வழி செய்தாள். முழுசாக ஐந்து ரிங் அடித்தால்தான் பெட்டி மோட்டாரைத் தட்டி எழுப்பும். அதற்கு முன்னால் கட்டாகிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணும். நம் சனம் மிஸ்டு கால் கொடுப்பதில் கைதேர்ந்தது, ஒரு ரிங், மிஞ்சிப்போனால் இரண்டு, அதற்குமேல் விட்டால் எவனாவது எடுத்துத் தொலைத்துக் காசு போய்விடுமே. ஆகவே ஐந்து ரிங் என்பது நல்ல காவல் என்று நினைத்தாள்.

அரியமுத்து முதல் தடவை வீட்டு வாசலில் நின்று போன் போட்டுவிட்டு, நம்பாமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு காட்டுக்குப் போனான். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றையிலிருந்து ஊரில் யாரைப் பார்த்தாலும், “எம்பொஞ்சாதி கண்டுபிடிச்சது” என்று ஆரம்பித்துவிடுவான். இரண்டாவதாக ஒரு பெட்டி செய்து கடை வாசலில் ஒரு குண்டு பல்போடு மாட்டினார்கள், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு. அந்தப் பெட்டியின் நம்பர்தான் நோட்டீஸில் போட திங்கட்கிழமை அவள் கைப்பட எழுதிக் கொடுத்த நம்பர். ‘போன் போட்டால் மோட்டார் ஓடும்! நம்பிக்கை இல்லையா? இந்த எண்ணுக்கு ஐந்து ரிங் விடுங்கள். எங்கள் கடை வாசலில் பல்பு எரியும். காசு செலவில்லை!’ என்று எழுதியதும் அவள்தான்.

பத்தரை மணிக்கு அரியமுத்து காட்டிலிருந்து கூப்பிட்டான்.

“ஏ புள்ள, ரெண்டு நாளா தண்ணி நூலாட்டம் வருது. மோட்டார் வாயில எதோ அடச்சிருக்கு. பன்னண்டு மணிக்குத்தான கரண்டு? அதுக்குள்ள கெணத்துல எறங்கி எடுத்துப்போட்டுட்டு வந்துடறேன்.”

“பீஸ் கட்டையப் புடுங்கிட்டு எறங்குங்க.”

“அதெல்லாம் பழய காலம் புள்ள. போன் என்கிட்டதான இருக்கு! நீயோ நானோ போட்டாத்தான மோட்டார் ஓடும்? நீ போடாம இரு, அது போதும்.”

சிந்தாமணி சிரித்துக்கொண்டே சரி என்றாள்.

அந்தப் பக்கத்தில் கிணற்றுக்குள் இறங்குகிற எவனும் முதலில் மோட்டார் கொட்டகைக்குப் போவான். ஸ்டார்ட்டர் போர்டில் இருக்கிற வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கி, வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டுதான் இறங்குவான். மேலே எவன் வந்து எந்தப் பட்டனை அமுக்கினாலும் மோட்டார் ஓடாது, உயிர் அவனவன் மடியில் பத்திரமாக இருக்கும். எத்தனையோ பேர் செத்த பிறகு வந்த பழக்கம் அது. இப்போது அரியமுத்து பீஸ் கட்டைக்குப் பதிலாகப் போனை மடியில் சொருகிக்கொண்டான். அவன் கணக்கில் அதுதான் மோட்டாரின் சாவி. சாவி தன்னிடம் இருக்கும்போது வேறு யார் திறக்க முடியும்?

பதினொன்றே கால் மணிக்கு வைரக்கண்ணு என்ற ஒரு பெரியவர் கடைக்கு எதிரில் வந்து நின்றார். ஒரு கையில் ரோஸ் நோட்டீஸ், மறு கையில் போன். கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டு பல்பையே முறைத்துப் பார்த்தார். பிறகு தெருவைத் தாண்டி வந்தார்.

“ஏம்மா, அஞ்சு ரிங்குன்னு போட்டிருக்கீங்க. நான் ஒம்போது ரிங் வுட்டுட்டேன், ஒங்க பல்பு கண்ணத் தொறக்க மாட்டேங்குது. ஊர ஏமாத்துறதுக்கு நோட்டீஸ் வேறயா?”

“அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா, சிக்னல் கோளாறா இருக்கும். இன்னொருவாட்டி போடுங்க.”

அவர் போட்டார். போன் அடிக்கிற சத்தம் அவர் காதில் கேட்டது. வாசல் பெட்டியிலோ ஒரு முணுமுணுப்பும் இல்லை. சிந்தாமணி பெட்டியைத் திறந்தாள். உள்ளே போன் உயிரோடுதான் இருந்தது. ஆனால் சிம் வேலை செய்யவில்லை. வேலிடிட்டி முடிந்த சிம்.

அப்போதுதான் அவளுக்கு நேற்றுச் சாயங்காலம் ஞாபகம் வந்தது.

காட்டுப் பெட்டியில் இருந்த சிம்முக்கு நேற்றோடு வேலிடிட்டி முடிகிறது என்று, கடைப் பெட்டியின் லைஃப்டைம் சிம்மைக் கழற்றி அவளே வீட்டுக்குக் கொண்டுபோனாள். கொட்டகையில் அதை மாட்டினாள். செத்துப்போகப் போகிற சிம்மைக் காலையில் கொண்டுவந்து கடைப் பெட்டியில் போட்டாள், பிறகு ரீசார்ஜ் பண்ணிக்கொள்ளலாம் என்று. அரியமுத்து போனில் ‘மோட்டார்’ என்ற பெயருக்கு நேரே புது நம்பரையும் ஏற்றிக் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்தாள். அந்தப் புது நம்பர்தான் திங்கட்கிழமை தான் எழுதிக் கொடுத்த நம்பர் என்பதை மட்டும் மறந்துபோனாள்.

நோட்டீஸை எடுத்து, முதல் தடவையாக, அந்த நம்பரைப் படித்தாள்.

இந்தப் பெரியவர் விட்ட ஒன்பது ரிங்கும் காட்டுக் கொட்டகையில் அடித்திருக்கிறது. ஊரெல்லாம் விடப்போகிற ரிங் அத்தனையும் அங்கேதான் அடிக்கும். கிணற்றுக்குள் அரியமுத்து கழுத்தளவுத் தண்ணீரில் நிற்கிறான். மோட்டார் அந்தத் தண்ணீருக்குள்தான் கிடக்கிறது. அதன் ஒயரில் ஒரு ஜாயின்ட் உண்டு. மாசி மாதம் டேப் சுற்றியது, தண்ணீருக்குள்ளேயே ஊறிக்கொண்டிருப்பது. அடைப்பைப் பிடுங்குகிறவன் அந்த ஒயரைப் பிடித்து இழுக்காமல் இருக்கப்போவதில்லை. இப்போது மூணு பேஸ் கரண்ட் இல்லாததால்தான் அவன் உயிரோடு இருக்கிறான். பன்னிரண்டு மணிக்கு வந்துவிடும்.

அவனுக்குப் போன் போட்டாள். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். அறுபதடி ஆழத்தில் சிக்னல் எங்கே இருக்கும். பிரேம்குமாருக்குப் போட்டாள்.

“அண்ணே, நோட்டீஸ் குடுக்கறத நிறுத்துங்க!”

“என்னாத்த நிறுத்தறது, முடிஞ்சுது தங்கச்சி!” மேளச் சத்தத்துக்கு நடுவில் அவர் கத்தினார். “ஆயிரமும் போயிடுச்சு! அங்கங்க நின்னு போனை அமுக்கிக்கிட்டு இருக்கானுங்க. நம்ம கடைக்கு நல்ல நேரம்தான்!”

சப்ஸ்டேஷனுக்குப் போட்டாள், கொஞ்சம் கரண்ட்டைத் தள்ளிவையுங்கள் என்று காலில் விழுந்து கேட்க. பிஸி. பன்னிரண்டு மணிக்கு முன்னால் எல்லா விவசாயியும் ‘கரண்டு கரெக்டா வந்துருமா’ என்று அங்கேதான் போட்டுக்கொண்டிருப்பான். கடைசியாக ஊர் முக்கில் குஞ்சம்மாள் டீக்கடையிலிருக்கும் ஒரு ரூபாய் போனுக்குப் போட்டாள்.

“இந்நேரத்துக்கு இங்க எவன் இருக்கான் சிந்தா? எல்லாம் காட்டுலயும் கோயில்லயும் கெடக்குறானுங்க. நான் ஒண்டியாப் பாலை வச்சுக்கிட்டு நிக்கறேன். எவனாச்சும் வந்தா அனுப்பறேன் ஆயி” என்றாள் குஞ்சம்மாள்.

மணி பதினொன்று இருபத்தைந்து. கடையைக்கூடப் பூட்டவில்லை. கடை போனை முந்தானையில் முடிந்துகொண்டு டிவிஎஸ்ஸை உதைத்தாள். வைரக்கண்ணு, “ஏம்மா, பல்பு?” என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

பதினாறு கிலோமீட்டர். சென்னை ரோட்டை நாலு வழியாக்குகிறேன் என்று வெட்டிப்போட்டிருந்த வருஷம் அது. ஒரு பக்கம் மண் குவியல், ஒரு பக்கம் லாரி. டிவிஎஸ் நாற்பதுக்கு மேல் போனால் அழும். சிந்தாமணியும் அழுதாள். மாரியாத்தா, மதுரகாளி, கல்லங்குறிச்சிப் பெருமாள் என்று வாய்க்கு வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். தாலியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். ஒரு டீக்கடை வாசலில் நாலு பேர் ஒரு ரோஸ் தாளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள், அதில் ஒருவன் போனைக் காதில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ‘போடாதீங்கடா’ என்று கத்தினாள். அவர்களுக்கு அது காற்றோடு போன சத்தம். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, எரிகிற பல்பைக்கூடப் பார்க்க முடியாமல், சும்மா விளையாட்டுக்கு ஐந்து ரிங் விடுகிற ஒவ்வொருவனும் அவள் புருஷன் தலையில் கை வைக்கிறான். கை வைக்கச் சொன்னதும் அவள்தான், காசு செலவில்லை என்று ஆசை காட்டியதும் அவள்தான்.

காட்டு வரப்பில் வண்டி போகாது. போட்டுவிட்டு ஓடினாள். செருப்பு ஒன்று வாய்க்காலில் போயிற்று. கிணற்று மேட்டுக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும்போது பக்கத்துக் காட்டிலிருந்து ‘ட்ர்ர்’ என்று ஒரு மோட்டார் கிளம்பியது. அடுத்து மேற்கே ஒன்று. அதற்கடுத்து கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று. ஆட்டோ ஸ்டார்ட்டர் வாங்க வசதி இருந்தவர்களின் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமத் தொடங்கின. கரண்ட் வந்துவிட்டது. அவள் மோட்டார் மட்டும் சும்மா இருந்தது.

கொட்டகைக் கதவைப் பிடித்து இழுத்தாள். பூட்டு. மோட்டார் திருடர்களுக்குப் பயந்து ஜன்னலே இல்லாமல் கட்டிய கொட்டகை, இரும்புக் கதவு. சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போனோடு சேர்த்து அவன் மடியில்தான் இருக்கும்.

கிணற்றை எட்டிப் பார்த்தாள். கீழே பச்சைத் தண்ணீரில் ஒரு கறுப்புத் தலை தெரிந்தது, உடனே முங்கியது.

“ஏங்க! ஏங்க! மேல ஏறுங்க!”

தலை மேலே வந்தது. சுற்றிலும் மோட்டார் சத்தம், அவனுக்குக் கேட்கவில்லை. ஒரு மண்கட்டியை எடுத்துப் போட்டாள். அது அவனுக்குப் பக்கத்தில் விழுந்தது. அண்ணாந்து பார்த்தான்.

“ஏ புள்ள, நீ எங்க இங்க?”

“கரண்டு வந்துருச்சு! ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க!”

அரியமுத்து சிரித்தான். மடியிலிருந்து எதையோ எடுத்து, கையை உயர்த்திக் காட்டினான். பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்ட போன்.

“பயப்படாத! போன் என்கிட்டதான் இருக்கு! ஒரு வேப்பங்கெள மாட்டியிருக்கு, இந்தா புடுங்கிட்டு வந்துடறேன்!”

போனை மடியில் சொருகிக்கொண்டு மறுபடியும் முங்கினான்.

கொட்டகைக்குள் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். இந்த நிமிஷம் அடிக்கலாம். அப்போது ஒரு யோசனை வந்தது. யோசனை என்பதுகூடப் பெரிய வார்த்தை, முங்குகிறவள் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தாள். ஒரு போன் ஒருத்தர் கூப்பிடும்போது அடுத்தவருக்கு பிஸி என்றுதான் சொல்லும். அவளே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் வேறு எவனும் உள்ளே வர முடியாது. ஆனால் ஐந்து ரிங் ஆகக் கூடாது. ஐந்து ஆகிவிட்டால் கொன்றவள் அவள்தான்.

முந்தானையை அவிழ்த்துப் போனை எடுத்து அமுக்கினாள். இரும்புக் கதவுக்குப் பின்னால் ‘ட்ரிங்’ என்றது. ஒன்று. இரண்டு. கட். மறுபடி அமுக்கினாள். ஒன்று. இரண்டு. கட். ஊரே செய்கிற வேலை, அவளும் ஆயிரம் தடவை செய்த வேலைதான். ஆனால் கட்டை விரல் இப்படி எப்போதும் ஆடியதில்லை. ஒருமுறை சிவப்பு பட்டனுக்குப் பதிலாகப் பக்கத்தில் அமுக்கிவிட்டாள். மூன்று என்று உள்ளே அடித்தது. நான்கு என்று அடித்தது. பாதி நான்கில் கட் ஆயிற்று.

அவன் தலை மறுபடி மேலே வந்தது. உண்மையைச் சொல்லி ஏற்ற முடியாது என்று தெரிந்துவிட்டது. சிம்மை மாற்றியது, நோட்டீஸ், ஆயிரம் பேர், இதையெல்லாம் அறுபதடிக்குக் கீழே எப்படிச் சொல்லிப் புரியவைப்பாள்? அவன் அவளுடைய பெட்டியை அவளைவிட அதிகமாக நம்புகிறான். ஆகவே பெற்றவள் வாயில் வரக் கூடாத சொல்லைச் சொன்னாள்.

“ஆர்த்திய வண்டி அடிச்சிருச்சுங்க! ஏறி வாங்க!”

அரியமுத்துவின் முகம் அவ்வளவு தூரத்திலும் மாறியது தெரிந்தது. கிளையை விட்டான், நீந்தி ஓரத்துக்கு வந்தான், சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லைப் பிடித்தான். “எங்க அடிச்சுது? உசுரு இருக்கா? சொல்லு புள்ள!” என்று கதறிக்கொண்டே முதல் கல்லில் ஏறினான். பாசி வழுக்கியது. திரும்ப இடுப்பளவு தண்ணீரில் விழுந்தான்.

ஒன்று. இரண்டு. கட்.

மறுபடி அமுக்கினாள். ‘நீங்கள் அழைக்கும் எண் பிஸியாக உள்ளது’ என்றது அவள் கையில் இருந்த போன்.

அவள் கட் பண்ணி மறுபடி அமுக்குவதற்கு நடுவில் விட்ட அந்தக் கண நேரத்தில் எவனோ உள்ளே நுழைந்துவிட்டான். கதவுக்குப் பின்னால் போன் அடித்தது. இது அவள் விட்ட ரிங் இல்லை.

ஒன்று.

“ஏறுங்க! ஏறுங்க! என்ன பெத்த ஐயா, ஏறுங்க!”

இரண்டு. அரியமுத்து கல்லைப் பிடித்துவிட்டான். கை வழுக்குகிறது. இரண்டு கையாலும் பிடிக்கிறான்.

மூன்று. ஒரு கால் கல்லின்மேல் வந்துவிட்டது. இன்னொரு கால் முழங்கால் வரை தண்ணீரில். வேட்டி எதிலோ மாட்டிக்கொண்டது.

“வேட்டிய அவுத்து வுடுங்க!”

நான்கு. அவன் குனிந்து இழுத்தான். கிழிந்த துணியோடு கால் மேலே வந்தது.

ஐந்து.

கொட்டகைக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவள் வீட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரும்பத் திரும்பச் சோதித்து, கேட்டுக் கேட்டு மகிழ்ந்த சத்தம். மோட்டார் கிளம்பியது.

சிந்தாமணி கண்ணைத் திறந்தபோது அரியமுத்து மூன்றாவது கல்லில் நின்றுகொண்டிருந்தான். கிழிந்த வேட்டியோடு, சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். கீழே பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் லேசாகக் குலுங்கியது. மோட்டார் இருந்த பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒன்று மேலே வந்தது. பிறகு இன்னொன்று. போன வருஷம் ஆர்த்தி கையால் விட்ட ஜிலேபிக் கெண்டை மீன்கள். வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக மிதந்தன.

அவன் எப்படி ஏறி வந்தான் என்று அவளுக்குத் தெரியாது. வந்ததும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

“புள்ளைக்கு என்ன? புள்ள எங்க?”

“ஒண்ணுமில்ல. பள்ளிக்கூடத்துல இருக்கா. பொய் சொன்னேன்.”

அடிக்கக் கையை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற சத்தம் அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பிக் கொட்டகையைப் பார்த்தான். மடியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தான். ரப்பர் பேண்டுகூட அவிழவில்லை.

“நான் போடலயே” என்றான் மெதுவாக. “போன் என்கிட்டதான இருக்கு. அப்பறம் யாரு போட்டா?”

சிந்தாமணி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள், சிம்மை மாற்றியதிலிருந்து நோட்டீஸ் வரை. எவ்வளவு புரிந்ததோ, அவன் கொட்டகைக்குப் போனான். பூட்டைத் திறக்க முயன்றான், சாவி துவாரத்துக்குள் போக மாட்டேன் என்றது. மூன்றாவது தடவையில் திறந்தது. உள்ளே போய் மோட்டாரை நிறுத்தினான். பீஸ் கட்டைகள் மூன்றையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். மூன்றையும் மடியில் வைத்து அணைத்துக்கொண்டான்.

அவள் கையில் இருந்த போன் அடித்தது. இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

“வணக்கம்மா, கல்லங்குறிச்சியிலேருந்து குருநாதன் பேசறேன். சிறுவாச்சூர்ல நோட்டீஸ் குடுத்தாங்க. மேல இருந்த நம்பருக்கு முயற்சி பண்றேன், பண்றேன், பிஸின்னே வருது. இப்பத்தான் கெடச்சுது. அஞ்சு ரிங் வுட்டேன். கீழ கடை நம்பரு இருந்துச்சு, அதான் கேட்டுக்கலாம்னு போட்டேன். பல்பு எரிஞ்சுதாம்மா?”

நல்ல மனுஷனின் குரல். பக்கத்தில் ஒரு குழந்தை அவரிடம் பஞ்சு மிட்டாய் கேட்டுக்கொண்டிருந்தது.

“எரிஞ்சுதுங்க” என்றாள்.

“அட! அருமைம்மா! அரியலூர்ப் பக்கமெல்லாம் இது இன்னும் வரல. எனக்கும் எந்தம்பிக்கும் ஆளுக்கு ஒண்ணு வேணும். எங்க கெணறும் ஆழக் கெணறு.”

“ஐயா, ஒண்ணு கேக்கறேன். பொட்டிய மாட்டின பொறவு கெணத்துல எறங்கணும்னா என்னங்க பண்ணுவீங்க?”

அவர் சிரித்தார். இது ஒரு கேள்வியா என்கிற சிரிப்பு.

“என்னம்மா, ஒங்க பொட்டியோட வசதியே அதான? முன்ன மாதிரி பீஸப் புடுங்கிச் சொருகிக்கிட்டு நிக்க வேணாம். போன மடியில வச்சுக்கிட்டு எறங்குனா ஆச்சு. நம்ம கையில போன் இருக்கறப்ப எவன் மோட்டார் போடப்போறான்?”

சிந்தாமணி போனைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள். அவர் அலோ, அலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கொட்டகைக்குள் பெட்டி மறுபடி அடிக்க ஆரம்பித்தது. எந்த ஊரிலிருந்து எவனோ. ஒன்று, இரண்டு என்று அவள் உதடு தானாக எண்ணியது. பீஸ் கட்டை மூன்றும் அரியமுத்துவின் மடியில்தான் இருந்தன, அவள் கண் முன்னால்தான் இருந்தன. ஆனாலும் நான்காவது ரிங் அடித்தபோது அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.